தானே நகரும் விளையாட்டுக் குச்சி: காரணமும் பரிகாரமும்



சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன், பெற்றோர் ஒருவர் தம் மகனுடன் நம் அலுவலகத்திற்கு வந்தார். அவர் கையில் மின்விளையாட்டுக் கருவியின் கைப்பிடி ஒன்று இருந்தது. “ஞாயிற்றுக்கிழமையும் மரம் சீவி வாங்கிக் கொடுத்தேன், ஐயா. உடைத்துவிட்டுப் பொய் சொல்கிறான்” என்றார். “நான் தொடாதபோதே படத்திலுள்ள ஆள் தானாக நடக்கிறான், ஐயா” என்று பையன் விம்மினான்.

இருவருள் எவர் கூற்று மெய்? அதனை ஆராய்வோம்.

குச்சியின் அமைப்பு

கட்டைவிரலால் அசைக்கும் குச்சியின் அடியில், மின்தடையை மாற்றும் உறுப்புகள் இரண்டு உள்ளன. ஒன்று இடவல அசைவையும் மற்றொன்று மேல்கீழ் அசைவையும் அளக்கும். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்ளே இருப்பதும் இவ்வகை உறுப்பே. வளைந்த கரித்தடம் ஒன்றின்மீது உலோக நாக்கு உராய்ந்து செல்லும். அது நிற்கும் இடத்திற்கேற்ப மின்னழுத்தம் மாறும். அதனைக் கருவி எண்ணாக மாற்றிக்கொள்ளும். 0 முதல் 255 வரை எண்ணும் கைப்பிடியில், விரலை எடுத்ததும் எண் 128 அளவில் நிற்கவேண்டும். மாறாக 150இல் நின்றால், விரல் தள்ளுவதாகவே கருவி கொள்ளும். படத்திலுள்ள ஆள் நடப்பான்.

காரணங்கள்

முதலாவது, தேய்மானம். நாக்கு ஓயாமல் உராய்வதால் கரித்தடம் தேயும். அத்துகள் தடத்திலேயே படியும். இரண்டாவது, தூசும் ஈரமும். பழைய வானொலியின் குமிழைத் திருகும்போது ‘கரகர’வென ஒலித்ததும் இவ்விரு காரணங்களாலேயே. மூன்றாவது, குச்சியை நடுவுக்குத் திருப்பும் சுருள்வில்லின் தளர்ச்சி.

பரிகாரங்கள்

1. உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின், கைப்பிடியைத் திறவாமல் வாங்கிய கடைக்கே கொண்டு செல்க.

2. கருவியின் அமைப்புப் பகுதியில் குச்சியின் நடுநிலையை மீண்டும் பதிவு செய்க. நடுவிலுள்ள சிற்றசைவுகளைப் புறக்கணிக்கும் எல்லையையும் சில விளையாட்டுகளில் விரிக்கலாம். ஆயின், மெல்லிய அசைவுகள் அப்போது பதிவாகா.

3. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில துளிகளைக் குச்சியின் அடியில் விட்டு, பலமுறை சுழற்றி, நன்றாக உலர விடுக. நெருப்பருகே செய்யலாகாது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், தண்ணீர் ஆகியன ஆகவே ஆகா.

4. தேய்ந்த கரி மீண்டும் வளராது. குச்சியின் அடிப்பெட்டியையே மாற்றவேண்டும். ஏறத்தாழ 14 பற்றவைப்புகளை அகற்றிச் செய்யும் வேலையாதலால், பழகியவர் கையில் ஒப்படைப்பதே நன்று.

உராயாத குச்சியும் உண்டு. எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் 1879இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு, காந்தத்தின் நகர்வைத் தொடாமலே அளக்கலாம். 1998இல் ஜப்பானில் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் கைப்பிடியில் இம்முறையே அமைந்திருந்தது. இதில் தேய்வதற்குக் கரித்தடமே இல்லை; எனினும் சுருள்வில் தளரக்கூடும்.

முடிவு

அப்பையனின் கைப்பிடியை நாம் துடைத்துக் கொடுத்தோம். இரு வாரங்களில் பழைய கோளாறு திரும்பியது. பட்டணத்துப் பழுதுபார்ப்பவர் அதனைத் திறந்து, தேய்ந்த தடத்தைக் காட்டி, அடிப்பெட்டியை மாற்றினார். புதுக் கைப்பிடியின் விலையில் சிறு பங்கே செலவாயிற்று.

தேய்ந்த தடத்தைத் தந்தை நெடுநேரம் பார்த்தார். “நம் சீவுகத்தியும் தேயத்தானே செய்கிறது” என்றார். பின்பு மகனைத் தம் அருகே இழுத்துக்கொண்டார்.

பையன் பொய் சொல்லவில்லை; தந்தையின் வருத்தத்திலும் தவறில்லை. மாணவர்களே, அளவோடு விளையாடி, பொருளைப் பேணுங்கள். பெற்றோர்களே, பழுதைக் கண்டதும் பழி கூறுமுன் காரணத்தைத் தேடுங்கள்.