லோடு வண்டித் தளத்தை மூடிவிட்டால் போதுமா?

புது வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய சூட்டோடு பலர் நேராகப் போவது தளத்துக்குத் தகடு அடிக்கும் பட்டறைக்குத்தான். குட்டியானையோ சரக்கு ஈக்கோவோ, எதுவானாலும் தளத்தை மூடிவிட்டால் கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். மூடுவதில் தப்பில்லை. எதால் மூடுகிறோம், அடியில் புகும் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று கேட்காமல் மூடுவதுதான் தப்பு. கொட்டிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காய்ந்தால் தகட்டுக்குப் பெரிய சேதமில்லை. போக வழியின்றி நாள்கணக்கில் தங்கும் ஈரம்தான் தளத்தைத் தின்கிறது.

“மேலே செக்கர் பிளேட் அடித்தால் அடித்தகடு தப்பிக்கும்.”

பாதி உண்மை. கேஸ் சிலிண்டரையும் டிரம்மையும் தரதரவென்று இழுக்கும் வண்டியில் தேய்மானத்தை அது நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வெயிலும் காற்றும் அங்கே போகாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் ஓரிரு மழைக்காலத்துக்குப் பிறகு மேல்தகடு வயிறு ஊதியதுபோல் எழும்பி நிற்கும். கழற்றிப் பார்த்தால் அடித்தகட்டில் விரல் நுழையும்.

எடையையும் யாரும் கணக்குப் போடுவதில்லை. 7 அடிக்கு 5 அடித் தளத்தில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு விரித்தால் ஏறத்தாழ 75 கிலோ. முக்கால் டன் ஏற்றும் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. அலுமினியத்தில் அடித்தால் எடை குறையும், செந்துருவும் வராது. ஆனால் உப்பு ஈரம் இருக்கும் இடத்தில் அலுமினியம் வெறும் இரும்பைத் தொட்டால் அலுமினியம்தான் முதலில் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே பெயின்ட்டோ ரப்பர் பட்டையோ வேண்டும்.

ஸ்க்ரூ அடிப்பதில் இன்னொரு ஆபத்து. தளத்துக்குக் கீழேதான் எரிபொருள் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எல்லாம் போகின்றன. குனிந்து பார்க்காமல் டிரில் போடுகிற பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள். போட்ட ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பு. பிரைமர் தடவி, சீலன்ட் வைத்துத்தான் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும்.

“மரைன் பிளை தண்ணீரில் ஊறாது.”

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டில் பசைதான் தண்ணீருக்கு அசையாதது. கொதிநீரில் 72 மணி நேரம் வைத்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. மரம் மரம்தான், அது ஈரத்தைக் குடிக்கும். குறிப்பாக, அறுத்த ஓரங்களிலும் ஸ்க்ரூ ஓட்டைகளிலும். அளவுக்கு அறுத்த பிறகு ஓரங்களுக்கு எபாக்ஸியோ நல்ல பெயின்ட்டோ இரண்டு மூன்று கை அடிக்காத பிளை, விலை உயர்ந்ததானாலும் வீண்தான். அடிப்பக்கத்தையும் விடக்கூடாது. இத்தனையும் செய்தால், என் கணக்கில், சில்லறைச் சாமான் ஏற்றும் மூடிய வண்டிக்கு 12 மில்லிமீட்டர் பிளையே போதும். கம்பெனித் தளத்தில் உள்ள நீளப் பள்ளங்களை மட்டும் நுரையோ பட்டியோ வைத்து நிரப்பிவிடாதீர்கள். தகட்டுக்கு விறைப்புத் தருவதோடு, தண்ணீர் ஓடிப்போக வாய்க்காலும் அவைதான்.

ரப்பர் மேட்டுக்கும் இதே நியாயம்: அடியில் ஈரம் தங்கக் கூடாது. வாரம் ஒருமுறை தூக்கிக் காயவைப்பவருக்கு அது காவல்.

“தளத்து ஓட்டை வழியாகச் சாலைத் தண்ணீர் ஏறுகிறது, எம்-சீல் வைத்து அடை.”

ஏறுவது கொஞ்சம், இறங்க வேண்டியது நிறைய. வடிகால் ஓட்டைகளை அடைத்தால் கழுவிய தண்ணீர் மூலையில் குட்டையாக நிற்கும். சிமென்ட் ஏற்றும் வண்டிகளில் அடைக்கவே வேண்டாம். சிந்திய தூள் ஈரம் பட்டு இறுகித் தானே அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும்.

“வேஸ்ட் ஆயில் அடித்தால் துரு அண்டாது.”

எஞ்சினில் இருந்து இறக்கிய கருப்பு ஆயிலை அடியில் பீய்ச்சுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். எண்ணெய்ப் படலம் தண்ணீரைக் கொஞ்ச நாள் தள்ளி நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்களும் உலோகத் தூளும் கலந்திருக்கும். அது புழுதியைப் பிடித்துச் சேறாக்கி, அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிரேக் ஹோஸும் புஷ்களும் ரப்பர். எண்ணெயில் ஊறி உப்பும். மழை பெய்தால் மிச்சம் சாக்கடைக்குப் போகும். பழைய ஆயில் 2016-இன் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிற சரக்கு என்பதையும் சொல்லிவைக்கிறேன். மழைக்கு முன்பு அடியை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, மெழுகு வகைத் துரு தடுப்புப் பூச்சு அடிப்பது எவ்வளவோ மேல். தார் பூச்சும் அப்படித்தான்: சுத்தமான தகட்டில் நல்லது, துருவின் மேல் அடித்தால் உள்ளே வேலை தொடரும்.

மழையில் நனையாத வண்டிக்குத் துரு வராது என்பதும் சரியல்ல. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு ஐஸ் தண்ணீர் மழையைவிடக் கொடியது. பொட்டாஷ் உரம் என்பதே பொட்டாசியம் குளோரைடு எனும் உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தியதைப் பெருக்கி, நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். வெறுமனே பெருக்கினால் போகாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். சக்கர வளைவு தளத்தோடு சேரும் மூலையிலும் பின்கதவு வாசலிலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்டால், அடியில் புதிதாகக் கருப்புப் பெயின்ட்டும் பளபளத்தால், தளம் மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.