அலகு விலையும் சதவீதமும்: பொதிகளின் விலையை ஒப்பிடும் முறை

அவுஸ்திரேலியாவில், உணவு மளிகைப் பொருள்களுக்கென 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தரைப்பரப்பைக் கொண்ட பேரங்காடிகள் பொதியின் விலையுடன் அலகு விலையையும் காட்டவேண்டும். 2009 டிசெம்பர் முதல் இது சட்டக் கடப்பாடாகும். அலகு விலை என்பது ஒரு கிலோகிராம், 100 கிராம், 100 மில்லிலீற்றர் போன்ற பொது அளவொன்றுக்குரிய விலையாகும்.

நம்மவர் அரிசியும் பருப்பும் வாங்கும் சிறிய கடைகள் பெரும்பாலும் இக்கடப்பாட்டுக்குள் அடங்கா. அங்கே இக்கணக்கை நாமே செய்துகொள்ளவேண்டும். கீழ்வரும் விலைகள் யாவும் எடுத்துக்காட்டுக்கானவை.

1. அலகு விலையைக் காணல்

பொதியின் விலையை அதன் நிறையால் வகுக்கவும்.

5 கிலோ அரிசி 15 டொலர்: 15 ÷ 5 = கிலோவுக்கு 3.00 டொலர்
20 கிலோ அரிசி 48 டொலர்: 48 ÷ 20 = கிலோவுக்கு 2.40 டொலர்

2. சதவீதத்தில் ஒப்பிடல்

வேறுபாடு 60 சதம். இதனைச் சிறிய பையின் அலகு விலையோடு ஒப்பிட்டால், 0.60 ÷ 3.00 × 100 = 20. அதாவது, பெரிய பை 20 சதவீதம் மலிவானது. பெரிய பையின் அலகு விலையோடு ஒப்பிட்டால், 0.60 ÷ 2.40 × 100 = 25. அதாவது, சிறிய பை 25 சதவீதம் விலை கூடியது. இரண்டு விடைகளும் சரியானவையே. அடிப்படை மட்டுமே வேறு. ஆகவே, ஒரு சதவீதத்தைக் காணும்போது அது எதன் சதவீதம் என்பதை முதலில் கவனிக்கவும்.

3. நிறை மாறும்போது

4 டொலருக்கு விற்ற 1 கிலோ மைசூர்ப் பருப்புப் பொதி, அதே விலையில் 800 கிராமாகக் குறைகிறது எனக் கொள்வோம். நிறை குறைந்தது 20 சதவீதம். ஆனால் 100 கிராமின் விலை 40 சதத்திலிருந்து 50 சதமாகிறது. உயர்வு 25 சதவீதம். அவ்வாறே, ‘20 சதவீதம் மேலதிகமாக இலவசம்’ என்பதும் 20 சதவீத விலைக்கழிவு அன்று. 4 டொலருக்கு 1.2 கிலோ கிடைத்தால், கிலோவின் விலை ஏறத்தாழ 3.33 டொலர், குறைவு சுமார் 17 சதவீதமே.

4. பெரிய பை எப்போதும் இலாபமா?

மேற்கூறிய 20 கிலோ அரிசியில் 4 கிலோ வண்டு பிடித்து வீணானால், 48 டொலருக்கு நாம் உண்பது 16 கிலோ. கிலோவுக்கு 3.00 டொலர், சிறிய பையின் அதே விலை. பெரிய பை எத்தனை சதவீதம் மலிவோ, அதில் அத்தனை சதவீதம் வீணானால் சேமிப்பு முழுவதும் அற்றுப்போகும். தனித்து வாழும் முதியோரும் சிறு குடும்பத்தினரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

பயிற்சி

நல்லெண்ணெய் 500 மில்லிலீற்றர் 6.00 டொலர், 750 மில்லிலீற்றர் 8.10 டொலர். பெரிய போத்தல் எத்தனை சதவீதம் மலிவு?

விடை: 100 மில்லிலீற்றருக்கு முறையே 1.20 டொலர், 1.08 டொலர். 0.12 ÷ 1.20 × 100 = 10 சதவீதம்.

பேரங்காடியில் அலகு விலை காட்டப்படாவிடினும், தெளிவாக வாசிக்க இயலாவிடினும், கடை முகாமையாளரிடம் தெரிவிக்கலாம். அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழுவிடம் முறையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.