பட்டினி கிடந்த பாம்புக்குப் பரிமாறாதே

அம்பத்தூர்

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் பாம்பு தப்பிப் போனதற்கு நாலு வரி, கிடைத்ததற்கு ஒரு வரி. மீதிப் பக்கம் முழுக்க அதற்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்ற கேள்விதான். ஆவடியில் உன் அண்ணன் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு ஒரு வாரத்துக்கு மேல் காணாமல் போய், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அகப்பட்டிருக்கிறது. சித்தி பாலும் முட்டையும் கொடுக்கலாம் என்கிறார். அண்ணன் பெரிய எலியாக ஒன்று வாங்கக் கிளம்பிவிட்டான். நீ என்னைக் கேட்கிறாய். மூவருக்கும் என் பதில் ஒன்றுதான்: ஒரு வாரத்துக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

பாலைப் பற்றி நீண்ட வகுப்பு எடுக்கப் போவதில்லை. திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயில் புற்றுக்கு ஊற்றுகிற பால் பக்தி சம்பந்தப்பட்டது. அதில் எனக்கு வேலையில்லை. உயிருள்ள பாம்பின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். சித்தியிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது அண்ணனின் எலி. படித்த பிள்ளை அவன். பாம்பு வளர்ப்பு வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்க்கிறவன். ஆனாலும் "பாவம், எத்தனை நாள் பட்டினியோ" என்ற நம் வீட்டுப் புத்தி அவனையும் விடவில்லை. நன்றாக வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் அப்படி இருப்பது சாதாரணம். அதற்கு ஒரு வாரம் பட்டினியே இல்லை.

மலைப்பாம்புக்கு இரை எவ்வளவு பெரிய வேலை என்பதை 1990களில் ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்பை வைத்து அளந்தார்கள். இரை இல்லாத நாட்களில் அதன் குடல் சுருங்கி, கிட்டத்தட்ட கடையை மூடி வைத்திருக்கும். எலி உள்ளே போனதும் ஓரிரு நாளில் குடலின் எடை இரண்டு மடங்காகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பெரிதாகின்றன. உடல் செலவழிக்கும் ஆற்றல் பல மடங்கு ஏறுகிறது. 2005இல் வேறொரு குழு, 48 மணி நேரத்தில் இதயமே 40 சதவீதம் கனக்கிறது என்று எழுதியது. பிந்தைய ஆய்வுகள் சிலவற்றில் அந்த 40 கிடைக்கவில்லை. இதயத்தில் சண்டை இருக்கலாம், குடலில் இல்லை. இந்த வளர்ச்சிக்கு முதல் போடுவது பாம்பின் சொந்தச் சேமிப்பு. தண்ணீர் வற்றி, உடல் குளிர்ந்து கிடக்கிற பாம்பிடம் அந்த முதல் ஏது? எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், பிறகு கக்கும். கக்கிய பாம்பைத் தேற்றுவது தப்பிய பாம்பைத் தேற்றுவதைவிடக் கடினம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் இரையைக் காட்டவே கூடாது.

ஆகவே முதலில் தண்ணீர். தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கண் குழிந்திருந்தால் உடல் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிளாஸ்டிக் டப்பில் கையைச் சுடாத வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் முதுகை மூடாத ஆழத்துக்கு ஊற்றி, அதில் கால் மணி நேரம் விடச் சொல். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உடம்பைப் பார்த்துவிடலாம்: செதிலுக்கு இடையில் உண்ணி, வாலில் உரியாமல் ஒட்டிய சட்டை, மூக்கில் குமிழி. எலி பிடிக்கிற பசை அட்டை ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. சமையல் எண்ணெயைத் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும். தேடுகிற பதற்றத்தில் வீடு முழுக்க பினாயிலும் கரப்பான் ஸ்பிரேயும் அடித்திருந்தால் அதையும் சொல். பாம்பை விரட்டும் என்று நம்பி ஊற்றுகிற பினாயில் எந்தப் பாம்பையும் விரட்டியதில்லை, கூண்டில் இருக்கிற பாம்பின் மூச்சைத்தான் கெடுக்கும்.

அடுத்தது சூடு. கூண்டின் ஒரு முனை 32 டிகிரி அளவில், மறுமுனை 26 அளவில் இருக்கட்டும். சென்னையில் பாம்புக்குக் குளிரா என்று சிரிக்காதே. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையின் டைல்ஸ் தரை அதற்குக் குளிர்தான். மோட்டார் சூட்டைத் தேடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒண்டியதே அதற்குச் சாட்சி. வெயிலில் வைக்கலாமே என்று அண்ணன் சொன்னால் மறுத்துவிடு. ஆவடி மொட்டை மாடியில் மே மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு சிறிது நேரத்தில் செத்துப்போகும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது என் சொந்தக் கட்சி. பாம்பு சுதந்திரத்துக்காகத் தப்புவதில்லை. உடம்பின் எல்லாப் பக்கமும் எதையாவது உரசிக்கொண்டு ஒடுங்க இடம் இல்லாததால்தான் தப்புகிறது. பால் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளி. எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பிராணி அது. புற்று நம் ஊர் நாகத்துக்கு மட்டும் வீடில்லை. அதே மேற்கு ஆப்பிரிக்காவில், பெனின் நாட்டில் ஊய்தா என்றொரு ஊர். அங்கே இந்தப் பாம்புகளுக்கே ஒரு கோயில் இருக்கிறது. கோயில் பாம்பு ராத்திரியில் வெளியேறி யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்தால், அடிக்காமல் எடுத்து வந்து கோயிலில் விட்டுவிடுவார்கள். இதைப் படித்த நாளில் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தப்பிய பாம்பை எப்படி வரவேற்பது என்பதில் ஊய்தாக்காரர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

உன் அண்ணன் வாங்கிய எல்இடி விளக்கு, பிளாஸ்டிக் கொடி, மண்டை ஓட்டு பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல். செய்தித்தாள் விரித்து, ஒரு பக்கம் உடைந்த மண்சட்டி இரண்டைக் கவிழ்த்து, சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று வைத்தால் போதும். சுருண்ட பாம்பின் முதுகு சட்டியில் இடிக்க வேண்டும். பெரிய சட்டி வேலைக்கு ஆகாது. கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடட்டும். குளியலும் எடையும் முடிந்த பிறகு ஒரு வாரம் யாரும் கையில் எடுக்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தேடுகிறபோது மாடிப்படி அடியில் கையை விட்டுத் துழாவியதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். பருத்திப்பட்டு ஏரியும் அயப்பாக்கம் ஏரியும் சூழ்ந்த பகுதி அது. புதர் வெட்டி வீடு கட்டிய மனைகள். அங்கே கண்ணாடி விரியன் உண்டு. பழுப்பு உடம்பில் வட்ட வட்டமாகப் புள்ளி, தடித்த உருவம், சுருண்டு கிடக்கிற பழக்கம். அரை இருட்டில் மலைப்பாம்பாகத்தான் தெரியும். தப்பிய வளர்ப்புப் பாம்பை விரியன் என்று அடித்துவிடுவார்களே என்று நீ பயப்பட்டாய். எனக்கு பயம் தலைகீழானது: விரியனை வளர்ப்புப் பாம்பு என்று நீ தூக்கிவிடுவாயே என்று. செதிலைத் தொட்டு அடையாளம் காணும் வித்தையெல்லாம் வேண்டாம். டார்ச் அடி, எட்ட நின்று போனில் படம் எடு, சந்தேகம் இருந்தால் வனத்துறைக்குச் சொல். கடித்துவிட்டால் கத்தியும் கயிறும் தேடாமல் 108ஐக் கூப்பிடு.

அண்ணனிடம் இன்னொன்றும் கேள்: பாம்பைப் பதிவு செய்திருக்கிறானா? நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்கள் 2022 திருத்தத்தில் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். 2023 ஏப்ரலில் மீனம்பாக்கத்தில் கோலாலம்பூர் விமானத்தில் வந்த ஒரு பெண்ணின் பெட்டியிலிருந்து சுங்கத்துறை 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் எடுத்தது. அப்படி வந்த சரக்கில் ஒன்றை யாரிடமோ ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால், அது தப்பியதைவிடப் பெரிய தலைவலி.

ஒரு வாரம் கழித்து இரை. வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவு எலி. உறைய வைத்து, நன்றாக இளக வைத்து, வெதுவெதுப்பாக்கி இடுக்கியில் நீட்டட்டும். உயிருள்ள எலியை உள்ளே விடவே வேண்டாம். சோர்ந்த பாம்பை எலி கடித்துக் குதறும். எடுக்காவிட்டால் மறுபடி ஒரு வாரம் விட வேண்டும். ஊசிக்குழாயால் திணிக்கிற வேலை கூடவே கூடாது. எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, அதை ஓட்டை போட்ட டப்பாவில் வைத்தால் மின்சார ரயிலில்கூடப் போய்விடலாம். உள்ளே என்ன என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தால்.

சித்தியின் சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கி இன்றே நிறுத்துப் பார். கிராமில் எழுது, கூண்டின் இரண்டு முனை வெப்பநிலையையும் எழுது. "கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கிறது சார்" என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் சார்