பூரானைக் கைபடாது பிடித்தல்

அவுஸ்திரேலியக் காடுகளில் விழுந்து கிடக்கும் மரக்கட்டையின் கீழ், 15 சென்றிமீற்றர் அளவுக்கும் வளரக்கூடிய பெரும் பூரான் வாழ்கின்றது. நூறு காலுடையது என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் வழங்கினும், இதற்குள்ளவை 21 சோடிக் கால்களே. அவற்றுக்கு முன்னே, தலையின் கீழ் வளைந்திருக்கும் நச்சுக் கொடுக்குகளும் கால்களின் திரிபே. பலர் எண்ணுவதுபோல் பூரான் வாலாற் கொட்டுவதில்லை.

ஆய்வுக்காகப் பிடிப்போர் முதலில் உரிய அனுமதி பெறுதல் வேண்டும். மாணவர் தனித்து முயலலாகாது. கட்டையின் அப்புற விளிம்பைக் கொக்கியாற் பற்றி நம் பக்கமாகத் தூக்கினால், கட்டையே கேடயமாக நிற்கும். இடுக்கியாற் காலைப் பற்றினால் கால் கழன்றுவிடும். உடலைப் பற்றினாலோ அது வளைந்து கையை நோக்கி ஏறும். ஆதலின் இடுக்கியினும் பெட்டியே நன்று என்பேன். ஆழமான, வழுவழுப்பான பிளாஸ்ரிக் பெட்டியைச் சருகிட்டு அதன் முன்னே சாய்த்து, நீண்ட தூரிகையாற் பின்புறத்தை மெல்லத் தீண்டினால், மறைவு நாடி அதுவே உட்புகும். உடனே நிமிர்த்தி, நுண்துளையிட்ட மூடியால் இறுக மூடுக. இதன் உடல் விரைவில் உலர்ந்துவிடுமாதலால் சருகு ஈரமாயிருத்தல் வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒன்றே. இரண்டிட்டால் ஒன்றையொன்று தின்னும்.

கடித்தால் வலி கடுமையாயினும் பெரும்பாலும் உயிருக்கு இடரில்லை. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றின் உடனே அம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் தாயை மட்டும் தீண்டலாகாது. கலைக்கப்பட்ட தாய் தன் முட்டைகளையே தின்றுவிடுவதுண்டு. கட்டையை இருந்தபடியே மெல்ல இறக்கிவிட்டு அகலுக.