கால்க் பாடம்: பிஸ்டன் வால்வை இடிக்குமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஸ்பிரெட்ஷீட்டைத் திறப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுச் செலவுக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மாதம் அதில் ஒரு கார் என்ஜினையே சுற்றிப் பார்ப்போம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்; எக்ஸெல் இருந்தாலும் இதே வழிதான்.

முதலில் சின்னப் பயிற்சி. மாருதி 800 காரின் என்ஜினில் மூன்று சிலிண்டர்கள். சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஏதாவது ஒரு செல்லில் =3.1416/4*68.5^2*72*3/1000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஏறத்தாழ 796 வரும். காரின் சி.சி. அதுதான்.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1988-ல் இந்த என்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான்.

வேகம் கூட்ட நினைப்பவர்கள் வால்வை அதிகம் திறக்கும் கேம் ஷாஃப்ட் போடுவார்கள். ஹெட்டை ஃபேஸிங் செய்து இறக்குவார்கள். இரண்டுமே வால்வைப் பிஸ்டனுக்குப் பக்கத்தில் கொண்டுவருகின்றன. இடித்தால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும், சம்பாதித்த காசு போகும். பாலவனத்தத்தில் பந்தய மைதானம் இல்லைதான். ஆனால் ஹெட் ஃபேஸிங் அருப்புக்கோட்டைப் பட்டறைக்கும் தெரிந்த வேலை. எவ்வளவு தேய்த்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. பி1 செல்லில் ஸ்ட்ரோக்கில் பாதியான 36. பி2-ல் கனெக்டிங் ராடின் நீளம்; உதாரணத்துக்கு 120 என்று வைத்துள்ளேன், உங்கள் ராடை அளந்து போடுங்கள். பி3-ல், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மூடிய வால்வை விரலால் அழுத்தினால் பிஸ்டனைத் தொட எவ்வளவு தூரம் இறங்குகிறது என்ற அளவு. இதற்கு வால்வில் மெல்லிய ஸ்பிரிங் மாட்டி டயல் கேஜ் வைக்க வேண்டும். ஹெட் கேஸ்கட்டும் போட்டிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 3.6.

ஏ5 முதல் ஏ9 வரை 0, 5, 10, 15, 20 என்று கிராங்க் கோணங்களைக் கொடுங்கள். இவை பிஸ்டன் உச்சியைத் தாண்டிய டிகிரிகள். பி5-ல் இந்த ஃபார்முலா:

=$பி$1+$பி$2-$பி$1*காஸ்(ரேடியன்ஸ்(ஏ5))-எஸ்க்யூஆர்டி($பி$2^2-($பி$1*சைன்(ரேடியன்ஸ்(ஏ5)))^2)

எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். காஸ், சைன் இரண்டுக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம்தான். ரேடியன்ஸை விட்டுவிட்டால் கால்க் டிகிரியை ரேடியன் என்று எடுத்துக்கொண்டு சம்பந்தமில்லாத எண்ணைக் கொடுக்கும்; எர்ரர் என்றுகூடச் சொல்லாது! டாலர் குறி, ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அந்த செல் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

பி5-ன் வலது கீழ் மூலையைப் பிடித்து பி9 வரை இழுத்தால் 0, 0.18, 0.71, 1.59, 2.80 என்று வரும். பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கிய மி.மீ. இவை. உச்சிக்கு அருகில் பிஸ்டன் எவ்வளவு மெதுவாக நகர்கிறது பார்த்தீர்களா? அந்த நேரத்தில் இன்டேக் வால்வு விறுவிறுவென்று திறந்துகொண்டிருக்கும். சிக்கலே அங்கேதான்.

சி5 முதல், அதே கோணங்களில் கிராங்கைக் கையால் சுற்றி அளந்த வால்வு இறக்கம்: 1.2, 1.7, 2.4, 3.2, 4.1 என்று வைப்போம். டி5-ல் =$பி$3+பி5-சி5 கொடுத்துக் கீழே இழுங்கள். இடைவெளி 2.40, 2.08, 1.91, 1.99, 2.30 என்று கிடைக்கும். உச்சியில் மட்டும் பார்த்தவர் 2.40 இருக்கிறது என்று நிம்மதியாகப் போயிருப்பார். 10 டிகிரியில் அது 1.91 ஆகிவிட்டது. டி10-ல் =மின்(டி5:டி9) போட்டால் அதை நேராகவே காட்டும்.

இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. குறையாமல் வேண்டும் என்பது என்ஜின் கட்டுபவர்களின் பொது வழக்கம். கேம் தயாரித்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் அதிகம் நீளும், மூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டும் வரும். அதனால் கூடுதல் இடம். அந்தப் பக்கத்துக்கு உச்சிக்கு முந்தைய 20 டிகிரியை இதே ஷீட்டில் பார்க்கலாம். பிஸ்டன் எண்கள் மாறாது. வால்வு சாய்ந்திருந்தால் பி வரிசையைச் சாய்வுக் கோணத்தின் காஸால் பெருக்கிவிடுங்கள், பாதுகாப்பான பக்கம் நிற்கும்.

இப்போது பி3-ல் 3.9 என்று மாற்றிப் பாருங்கள். 0.3 மி.மீ. தடித்த கேஸ்கட் போட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்: 2.21. கேமை 2 டிகிரி பின்தள்ளினாலும் இன்டேக் பக்கம் கிட்டத்தட்ட இதே லாபம் கிடைக்கும். ஆனால் ஒரே கேம் உள்ள என்ஜினில் எக்ஸாஸ்ட் இடைவெளி குறையும். அதைத் திரும்பக் கணக்கிடாமல் விடாதீர்கள்.

ஷீட் சரி என்றாலும் கையாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டை முறுக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, அமுங்கிய களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்து டி10-க்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் அதிகம் விலகினால் முதலில் பி3-ஐ மறுபடி அளக்கவும்.