வைமாக் ஆற்றில் முதல் பந்தயம்

நியூசிலாந்தின் தென் தீவில் பிப்ரவரி மாதம் நடக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற புதியவர்களுக்கு ஓட்டமோ சைக்கிளோ ஏற்கெனவே பழகியிருக்கும். துடுப்புதான் புதிது. நானும் ஓட்டக்காரன். கிறைஸ்ட்சர்ச்சுக்குக் குடிவந்த பிறகுதான் கயாக்கில் முதன்முதலாக உட்கார்ந்தேன். பந்தயத்தில் வரும் வைமாக் ஆற்றுக்கு என்னென்ன தேவை என்பதை உள்ளே இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பந்தயம் மேற்குக் கரையில் குமாரா கடற்கரையில் தொடங்குகிறது. தென் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, கிழக்கே கிறைஸ்ட்சர்ச்சின் நியூ பிரைட்டன் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் 243 கிலோமீட்டர். 1983இல் ராபின் ஜட்கின்ஸ் தொடங்கியது. ஒரே நாளில் முடிக்கிறவர்கள் உண்டு; முதல்முறை வருகிறவர்களுக்கு இரண்டு நாள் பிரிவே சரி. முதல் நாள் ஓட்டம், சைக்கிள், பிறகு கோட் பாஸ் வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலையோட்டம். இரண்டாம் நாள் காலை சிறிது தூரம் சைக்கிள், அதன்பின் மவுண்ட் வைட் பாலத்தடியிலிருந்து கார்ஜ் பாலம் வரை வைமாக்காரிரி ஆற்றில் சுமார் 70 கிலோமீட்டர். உள்ளூரில் எல்லோரும் வைமாக் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் இன்னொரு நீண்ட சைக்கிள் பயணம்.

ஆற்றில் புதியவருக்கு ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் துடுப்புப் போடக் கையில் வலு வேண்டும் என்று பலர் ஜிம்முக்கு ஓடுகிறார்கள். என் அனுபவத்தில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் தெரிவதுதான் முதல் தேவை. அது தெரிந்தவர் பாதி வேலையை ஆற்றிடமே விட்டுவிடுகிறார். தெரியாதவர் எவ்வளவு பலசாலியானாலும் ஆற்றோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகிறார்.

முதலில் படகு. பந்தயப் படகுகள் 6 மீட்டரை ஒட்டிய நீளத்தில், ஒடுங்கி, பார்க்கவே அழகாக இருக்கும். கண் அதில்தான் போகும். ஆனால் ஆடுகிற படகில் போடும் துடுப்பில் பெரும்பகுதி கவிழாமல் இருப்பதற்கே செலவாகிவிடும். கொஞ்சம் அகலமான, நிலையான படகில் ஒவ்வொரு துடுப்பும் முன்னே தள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அலையில்லாத நீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படகின் வாயை மூடும் ஸ்ப்ரே டெக்கைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள். திரும்பிப் பின்னால் வருகிறவரைப் பாருங்கள். இரண்டையும் பதற்றமில்லாமல் செய்ய முடிந்தால் அது உங்களுக்கு ஏற்ற படகு. முடியாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பந்தயத்தில் படகில் தனியாக ஆற்றில் இறங்கக் கிரேடு 2 சான்றிதழ் கட்டாயம். அதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வகுப்பில் கற்றுத்தருவதுதான் பந்தயத்தன்று உங்களைக் காக்கும். ஓட்டத்தின் குறுக்கே கடப்பது, பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் சுழலும் ‘எடி’க்குள் நுழைந்து வெளியே வருவது, சாயும்போது துடுப்பால் தண்ணீரை அழுத்தி நிமிர்வது, கவிழ்ந்தால் வெளியே வந்து படகையும் துடுப்பையும் விடாமல் கரை சேர்வது எல்லாம் அதில் வரும். நீந்த நேர்ந்தால் மல்லாந்து, கால்களை மேலே தூக்கி, ஓட்டத்தின் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். படகு எப்போதும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். தண்ணீர் நிரம்பிய படகுக்கும் ஒரு பாறைக்கும் நடுவே நீங்கள் வந்தால் அதன் எடை முழுவதும் உங்கள் மேல்தான் விழும்.

வைமாக்கில் புதியவரை அதிகம் மிரட்டுவது நடுவிலுள்ள மலையிடுக்கில் வரும் பாறைச் சுவர்கள்தான். ஆறு ஒரு வளைவில் நேராகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பும். மோதிய தண்ணீர் மெத்தைபோல் எழும்பி உங்களை நோக்கி வரும். கறுத்த பாறை பக்கத்தில் வந்ததும் உடம்பு தானாக அதைவிட்டு விலகிச் சாயும். கவிழ்வதற்கு அதுவே போதும். மேல்நீர்ப் பக்கத்து விளிம்பு தாழ, ஓட்டம் படகின் முதுகில் ஏறி, கண் இமைக்கும் நேரத்தில் புரட்டிவிடும். அங்கே பாறையை நோக்கித்தான் சாய வேண்டும். கையால் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்கு நெருங்கினாலும் சாய்வை மாற்றக் கூடாது.

அந்த நெருக்கத்துக்குப் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. வளைவு தொடங்குவதற்கு வெகு முன்னரே உட்புறக் கரையை ஒட்டி வந்துவிட வேண்டும். மூக்கை உட்பக்கம் திருப்பி, அலைகளின் ஓரமாகவே துடுப்பை நிறுத்தாமல் போட வேண்டும். பயந்தவர் துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் படகுக்கு ஒரு பிடிமானம். எனக்குக் கற்றுத்தந்தவர் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் இதைச் சத்தம்போட்டுச் சொல்வார். பந்தயத்தன்று அவர் பக்கத்தில் இல்லாதபோது அதையே நான் எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

மலையிடுக்குக்கு முன்னும் பின்னும் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கூழாங்கற்களின் மேல் பரவி ஓடும். அங்கே ஆபத்து குறைவு, நேரம்தான் போகும். ஆழமில்லாத கிளையில் படகின் பின்பக்கம் கீழே இழுக்கும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் வேகம் விழும். அதனால் மூக்குக்கு நேரே பார்க்காமல் தூரத்தில் பார்க்கப் பழகுங்கள். எந்தக் கிளையில் தண்ணீர் அதிகம் போகிறதோ அதுவே வழி. பொடி அலைகள் மினுங்கினால் ஆழமில்லை என்று அர்த்தம். கரை அரித்துச் செங்குத்தாக நிற்கும் பக்கம் பெரும்பாலும் ஆழமாக இருக்கும். வெள்ளம் வந்துபோனால் கிளைகள் இடம் மாறிவிடும். ஆகவே சென்ற மாதம் போன வழியை மனப்பாடமாக வைத்திருந்து பயனில்லை.

சாப்பாட்டை மலையிடுக்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். உள்ளே போனபின் துடுப்பிலிருந்து கையை எடுக்க மனம் வராது. குடிநீர்ப் பையின் குழாயை வாய்க்கு எட்டும் இடத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு கட்டிக்கொள்வது பெரிய உபகாரம். முந்தின நாள் மலையோட்டத்தில் இறுகிய தொடையோடு மணிக்கணக்கில் கால் நீட்டி உட்கார வேண்டியிருக்கும். பயிற்சியிலும் நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் படகில் போய்ப் பழகுங்கள். இருக்கை எங்கே உறுத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும், ஸ்பாஞ்ச் ஒட்டிச் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

கடைசிப் பகுதியில் பிற்பகலில் கிழக்குக் காற்று எதிரே வீசலாம். காற்றடித்தால் துடுப்பை உயரத் தூக்காமல், தோளைவிட இடுப்பைத் திருப்பிப் போடுங்கள். கார்ஜ் பாலத்தடியில் என் மனைவியும் மைத்துனனும் முழங்கால் தண்ணீரில் காத்திருந்தார்கள். “மாமா, அவசரப்படாதீங்க, முதல்ல எங்க தோளைப் பிடிங்க” என்று அவன் சொல்லியும் நான் எழப் பார்த்தேன், கால்களில் உணர்வே இல்லை. இருவரும் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். அங்கே எல்லோருக்கும் இது நடப்பதுதான். உங்கள் குழுவில் ஆளைத் தூக்கக்கூடிய இருவர் இருக்கட்டும். சைக்கிள் இருக்கிற இடம்வரை கையைப் பிடித்து நடத்திப் போகச் சொல்லுங்கள்.

படகு வாங்க நல்ல காலம் பந்தயம் முடிந்த உடனே. முடித்தவர்கள் பலர் பிப்ரவரி, மார்ச்சில் படகை விற்பார்கள். அப்போதே வாங்கிவிட்டால் குளிர்காலத்தில் அமைதியான நீரில் உட்கார்ந்து பழகலாம். வசந்தத்தில் சான்றிதழை எடுத்துவிட்டு, கோடை பிறந்ததும் தெரிந்தவர்களோடு சேர்ந்து வைமாக்கை முழுநீளம் இறங்கிப் பாருங்கள். புறப்படுவதற்கு முன் ஆற்றின் நீர்மட்டத்தைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். வடமேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டினால், கிறைஸ்ட்சர்ச்சில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு பெருகி வந்துவிடும். அன்று இறங்க வேண்டாம்.