கூலன்ட் ஊற்றியதோடு வேலை முடியவில்லை

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேருபவர்களின் கைக்குச் சீக்கிரமே வரும் வேலை, கூலன்ட் மாற்றுவது. பழையதை வடித்து, புதியதை ஊற்றி, மூடியைப் போட்டால் போதும் என்றுதான் தோன்றும். அப்படி அனுப்பிய வண்டி இரண்டு நாளில் "ஹீட் ஆகுது" என்று திரும்பி வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே சிக்கிய காற்றை. ஏர் எடுக்கத் தெரிந்தவரிடம் சூப்பர்வைசர் பெரிய வேலைகளையும் தைரியமாக ஒப்படைப்பார். அதனால் இதை ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கூலன்ட் வடிந்த இடமெல்லாம் காற்று நிறைந்துவிடும். திரும்ப ஊற்றும்போது வெளியேற வழி கிடைக்காத காற்று, உயரமான இடங்களில் தங்கிவிடும்: சிலிண்டர் ஹெட், தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர். வாட்டர் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும். காற்று வந்து சேர்ந்தால் அதன் இறக்கை வெறுமனே சுற்றும். ஓட்டம் நின்ற இடத்தில் கூலன்ட் கொதித்து ஆவியாகும், அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிடலாம். சென்சாரும் கூலன்டில் நனைந்திருந்தால்தான் உண்மையைச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் மீட்டர் முள் சாதுவாக நடுவிலேயே நிற்கும்.

"எஞ்சின் நல்ல சூடு, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது, ஏன்?" என்று நேர்முகத்தில் கேட்டால், முதலில் கூலன்ட் அளவையும் ஏர் லாக்கையும் சொல்லுங்கள். ஹீட்டர் அடைப்பும் வால்வும் அதற்குப் பிறகு. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் உருளும் சத்தமும், ஏறி ஏறி இறங்கும் முள்ளும் இதே கோளாறின் அடையாளங்கள்தான்.

வேலையை ஆறிய எஞ்சினில்தான் தொடங்க வேண்டும். சூடான அமைப்புக்குள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். சூடு தணிந்து, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் மட்டும் திறங்கள்.

வடித்த கூலன்டை அளந்து வையுங்கள். நான்கு லிட்டர் வடித்த வண்டி மூன்று லிட்டரிலேயே நிரம்பிவிட்டதாகக் காட்டினால், மீதி ஒரு லிட்டர் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அளந்த பிறகு மூடியுள்ள கேனில் ஊற்றிவிடுங்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஷெட்டில் திரியும் நாய் நக்கினால் செத்துவிடும்.

வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருந்தால் காற்று ரேடியேட்டர் வாய்க்கு வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சித்திரை வெயிலில் எதற்கு ஹீட்டர் என்று தோன்றும். ஹீட்டர் வால்வு உள்ள வண்டிகளில் அது திறந்தால்தான் கோருக்குள் இருக்கும் காற்று வெளியே வர முடியும். ஏசியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஃபேனும் ஓடும், எஞ்சின் சூட்டுக்கு ஃபேன் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று பார்க்க முடியாது. பிறகு மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஏர் ஸ்க்ரூ இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் சீராகக் கூலன்ட் வழியும்போது மூடுங்கள். பிஎம்டபிள்யூ இ46 போன்ற வண்டிகளில் அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக். பலத்தைக் காட்டினால் உடைந்துவிடும்.

எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். எண்பது டிகிரியைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறக்கும், அளவு சட்டென்று இறங்கும், ஊற்றிக்கொண்டே வாருங்கள். தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மாட்டியிருந்தால், அதன் தட்டில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். அந்த ஊசி ஆடும் ஓட்டை காற்று தப்பிக்கத்தான். குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் நல்ல அறிகுறி. எல்லா வண்டிக்கும் இதே முறை பொருந்தாது. மின்சார வாட்டர் பம்ப் உள்ள வண்டிகளில் எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் இயக்கி ஏர் எடுக்கும் முறை உண்டு. மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். வேக்குவம் ஃபில்லர் உள்ள ஒர்க்‌ஷாப் என்றால் கற்றுக்கொள்ளுங்கள். அது உள்ளிருக்கும் காற்றை முதலிலேயே உறிஞ்சிவிடும், அந்த வெற்றிடம் நிற்காமல் குறைந்தால் லீக்கையும் காட்டிவிடும்.

இனி பொறுமை வேண்டிய கட்டம். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு அளவைப் பார்த்து நிரப்பினால்தான் வேலை முடியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு டெலிவரி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு ஆரம்பித்தால், தவிர்க்க முடியாமல் இந்தக் கட்டத்தைத்தான் வெட்டுவீர்கள். காலையில் முதல் வேலையாக எடுங்கள். ஆறும் நேரத்தில் அடுத்த வண்டிக்குப் பிரேக் பேட் மாற்றலாம். சூப்பர்வைசரிடமும் முதலிலேயே சொல்லுங்கள்: "அண்ணா, ஆறி லெவல் பார்த்துட்டுத்தான் தருவேன்." வண்டிக்காரரிடம், மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டேங்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவே கூலன்ட் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் வண்டியை எடுக்காமல் போன் செய்யட்டும்.

எவ்வளவு ஏர் எடுத்தும் குமிழி நிற்கவில்லையா? அதற்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள். ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் வண்டி என்றால், ரேடியேட்டர் வாயில் வைக்கும் பிளாக் டெஸ்டரின் நீல திரவம் மஞ்சளாக மாறி அதைக் காட்டிக்கொடுக்கும். கண்டதை ஜாப் கார்டில் எழுதி, வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சம்மதம் சொன்ன பிறகு ஹெட்டைக் கழற்றுங்கள்.